மணிக்கட்டிலிருந்து விரலுக்கு: வேலூரில் ஓர் அறுவை சிகிச்சை மூன்று முறை திருத்தப்பட்ட வரலாறு (நிகழ்வு ஆய்வு)

1961ஆம் ஆண்டு, எலும்பு மூட்டு அறுவை சிகிச்சைக்கான பிரிட்டன் ஆய்விதழ் ஒன்றில், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த பால் பிராண்ட் ஒரு கட்டுரை வெளியிட்டார். தொழுநோயால் விரல்கள் மடங்கிப்போனவர்களுக்கு, மணிக்கட்டை நிமிர்த்தும் தசை ஒன்றை இடம் மாற்றி, காலிலிருந்து எடுத்த நாணால் (தசையை எலும்போடு இணைக்கும் கயிறு) அதை நீட்டி, நான்கு விரல்களிலும் கட்டும் முறையை அதில் விளக்கியிருந்தார். கை அறுவை சிகிச்சைப் பாடநூல்களில் இன்றும் அது அவர் பெயரோடு இருக்கிறது. அது அவர் கையாண்ட மூன்றாவது முறை என்பதைப் பாடநூல்கள் ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடும். முதல் முறை அமெரிக்காவிலிருந்து வந்தது, புகழ்பெற்றது, எல்லோரும் ஏற்றுக்கொண்டது. அதைக் கைவிட்டார். இரண்டாவது அவரே வகுத்தது. அதையும் மாற்றினார். ஏன் மாற்றினார், எதைப் பார்த்து மாற்றினார் என்பதே இந்த ஆய்வின் பொருள்.

மறுசீரமைப்பு அறுவை சிகிச்சையில் இந்தியாவின் பங்கு என்று பேச்செடுத்தால் நம்மவர்கள் மூக்கிலேயே நின்றுவிடுவார்கள். சுசுருதர், அறுபட்ட மூக்கைச் சரிசெய்ய எடுத்த நெற்றித் தோல், 1794இல் லண்டன் பத்திரிகையில் வந்த, அப்படி மூக்கு சரிசெய்யப்பட்ட கவாஸ்ஜியின் படம், அத்தோடு சரி. அது பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் ஓர் அறுவை சிகிச்சை எப்படிப் படிப்படியாகத் திருந்துகிறது என்பதை ஆவணத்தோடு பார்க்க வேண்டுமானால், இருபதாம் நூற்றாண்டின் நடுவில் வேலூருக்கும் செங்கல்பட்டுக்கும் இடையே நடந்ததைத்தான் பார்க்க வேண்டும்.

விரல் ஏன் மடங்குகிறது

விரல்களை மடக்கும் பெரிய தசைகளும் நீட்டும் பெரிய தசைகளும் முன்கையில் இருக்கின்றன. அவற்றின் வெண்ணிற நாண்கள் மணிக்கட்டைத் தாண்டி விரல்வரை ஓடுகின்றன. பொம்மலாட்டக்காரன் மேலிருந்து கயிற்றை இழுப்பது போன்ற ஏற்பாடு. இவை தவிர உள்ளங்கைக்குள்ளேயே குடியிருக்கும் சிறு தசைகள் உண்டு. விரலின் அடிமூட்டை மடக்குவதும், அதே நேரத்தில் நடு மூட்டையும் நுனி மூட்டையும் நீட்டி வைப்பதும் இவற்றின் வேலை. சோற்றைப் பிசைந்து கவளமாக எடுக்கும்போது விரல்கள் அடியில் வளைந்து, மேலே நேராகச் சேர்ந்து நிற்கின்றன அல்லவா? அந்த நிலையை இந்தச் சிறு தசைகள் இல்லாமல் கொண்டுவர முடியாது.

தொழுநோய்க் கிருமி நரம்பைத் தாக்குகிறது. கையில் பெரும்பாலும் அடிபடுவது சுண்டுவிரல் பக்கமாக ஓடும் அல்னார் நரம்பு. அடுத்து மணிக்கட்டின் நடுவே ஓடும் மீடியன் நரம்பு. இரண்டும் செயலிழந்தால் உள்ளங்கையின் சிறு தசைகள் அத்தனையும் செத்துப்போகின்றன. கூடவே உள்ளங்கையில் உணர்ச்சியும் போய்விடுகிறது. முன்கையின் பெரிய தசைகள் எதிர்ப்பாரின்றி இழுக்க, அடிமூட்டு பின்னால் சாய்கிறது, மற்ற இரு மூட்டுகளும் மடங்குகின்றன. கட்டைவிரலும் மற்ற விரல்களை எதிர்கொள்ளும் ஆற்றலை இழந்து உள்ளங்கையின் பக்கவாட்டில் ஒட்டிக்கொள்கிறது.

இந்தக் கையால் ஒரு டம்ளரை எடுக்க முயல்பவரைப் பக்கத்தில் இருந்து கவனித்தால் சிக்கலின் ஆழம் புரியும். நலமான கையில் விரல் அடியிலிருந்து வளைந்து பொருளைச் சுற்றி வளைக்கிறது. இந்தக் கையில் வளைவு நுனியிலிருந்து தொடங்குகிறது. விரல் நுனிகள் முதலில் சுருண்டு டம்ளரை முட்டி, அதை வெளியே தள்ளிவிடுகின்றன. எப்படியோ பிடித்துவிட்டாலும், டம்ளர் படுவது விரல் நுனிகளிலும் விரல்களின் அடிமேட்டிலும் மட்டுமே. உள்ளங்கை முழுவதும் பகிர்ந்துகொள்ள வேண்டிய அழுத்தம் நான்கைந்து சிறு புள்ளிகளில் குவிகிறது. அந்தப் புள்ளிகளுக்கோ உணர்ச்சி இல்லை. புண் வருகிறது, தெரிவதில்லை. சீழ் பிடிக்கிறது, வலிப்பதில்லை. எலும்புவரை போகிறது. பின்னர் விரல் குட்டையாகிறது. மடங்கிய விரல் என்பது பார்வைக்குரிய குறை மட்டுமாக இருந்திருந்தால் பிராண்ட் இவ்வளவு மெனக்கெட்டிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

செங்கல்பட்டில் ஒரு கைப்பிடி

பால் பிராண்ட் 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர். பெற்றோர் ஜெஸ்ஸி, எவ்லின் இருவரும் அங்கு மிஷனரிகள். ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்து அனுப்பப்பட்டார். மருத்துவம் படிப்பதற்கு முன் சில ஆண்டுகள் கட்டட வேலையும் தச்சு வேலையும் கற்றார். அது வீணான காலம் என்று அப்போது பலர் கருதியிருக்கலாம். லண்டனில் அறுவை சிகிச்சைப் பயிற்சி முடித்து 1946இல் வேலூர் வந்து சேர்ந்தார்.

1947இல் தொழுநோய் வல்லுநர் ராபர்ட் காக்ரேன் அவரைச் செங்கல்பட்டு திருமணியில் இருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். அங்கே விரல்கள் மடங்கிய ஒருவரிடம் தன் கையை இறுகப் பிடிக்கச் சொன்னார் பிராண்ட். பலமற்ற பிடியை எதிர்பார்த்தவருக்குக் கை நொறுங்கிவிடும்போல வலித்தது. செயலிழந்ததாக எல்லோரும் முடிவுகட்டிவிட்ட கையில் வலுவான தசைகள் இருந்தன. இருப்பது பயன்படாத இடத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். எலும்பு அறுவை வல்லுநர் யாராவது இதை ஆராய்ந்திருக்கிறார்களா என்று காக்ரேனிடம் கேட்டார். ஒருவரும் இல்லை என்பது பதில்.

யாரும் தொடாததற்குக் காரணம் அச்சம் மட்டும் இல்லை. தொழுநோயாளியின் சதை கெட்டுப்போனது, கத்தி வைத்தால் ஆறாது என்ற நம்பிக்கை மருத்துவர்களிடமே இருந்தது. அதோடு, நோயே குணமாகாதபோது கையைச் சரிசெய்து என்ன பயன் என்ற கேள்வியும் நியாயமானதே. அந்தக் கேள்விக்கு அதே ஆண்டுகளில் விடை வந்துகொண்டிருந்தது. காக்ரேன் இந்தியாவில் சல்போன் மருந்துகளைச் சோதித்துப் பார்த்த முன்னோடிகளில் ஒருவர். அவற்றில் ஒன்றான டாப்சோன் வந்து கிருமியைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகுதான் அறுவை சிகிச்சைக்குப் பொருள் கிடைத்தது. இதைக் குறிப்பிடாமல் கத்தியின் பெருமையை மட்டும் பேசுவது பொய்க்கணக்கு.

கத்தியை எடுப்பதற்கு முன் பிணங்களைப் பார்த்தார்கள். செங்கல்பட்டில் இறந்த நோயாளிகளின் உடல்களில் நரம்புகளைத் தோள் முதல் விரல்வரை பிரித்துப் பார்த்தபோது, வீக்கம் எல்லா இடத்திலும் சீராக இல்லை. முழங்கைக்குச் சற்று மேலே அல்னார் நரம்பு, மணிக்கட்டுக்குச் சற்று மேலே மீடியன் நரம்பு, காலில் முழங்காலுக்கு வெளிப்புறமும் கணுக்காலுக்கு உட்புறமும். அனைத்தும் நரம்பு தோலை ஒட்டி ஓடும் இடங்கள். உடலின் மற்ற பகுதிகளைவிடக் குளிர்ச்சியானவை. கிருமி குளிர்ந்த இடத்தை விரும்புகிறது என்ற கருத்து இதிலிருந்து வலுப்பெற்றது. அறுவை வல்லுநருக்கு இதில் நேரடியான பயன் உண்டு. மீடியன் நரம்பு மணிக்கட்டருகே அடிபடுவதால், அதற்கு மேலேயே கிளை வாங்கிக்கொள்ளும் முன்கைத் தசைகள் தப்பிவிடுகின்றன. பெருவிரல் பக்கமாக ஓடும் ரேடியல் நரம்பு மிக அரிதாகவே பாதிக்கப்படுவதால், மணிக்கட்டை நிமிர்த்தும் தசைகள் முழு வலுவோடு இருக்கின்றன. கடன் வாங்கத் தகுந்த தசைகள் எவை என்ற பட்டியல் இப்படித்தான் கிடைத்தது.

முதல் முறை: பாடநூலின்படி

1948இல் அறுவை சிகிச்சைகள் தொடங்கின. அன்றைய கை அறுவை சிகிச்சையின் பேராசான் அமெரிக்கரான ஸ்டெர்லிங் பன்னல். ஸ்காட்லாந்தின் ஹெரால்ட் ஸ்டைல்ஸ் தொடங்கிவைத்து, பன்னல் விரிவுபடுத்திய முறையைத்தான் பிராண்டும் எடுத்துக்கொண்டார். விரலை மடக்க ஒவ்வொரு விரலுக்கும் இரண்டு நாண்கள் உண்டு: ஒன்று மேலடுக்கில், ஒன்று ஆழத்தில். ஆழ நாண் ஒன்றே விரலை மடக்கப் போதும் என்பதால், மேலடுக்கு நாணை அதன் முனையில் வெட்டி, பிளந்து, விரலின் முதுகுப்புறம் உள்ள நீட்டு நாண் விரிப்போடு தைப்பது அந்த முறை. மடக்கிக்கொண்டிருந்த தசை, இப்போது அடிமூட்டை மடக்கி மற்ற மூட்டுகளை நீட்டும்.

பலன் கண்கூடாக இருந்தது. கெட்ட சதை என்ற நம்பிக்கை முதலில் உடைந்தது. காயங்கள் மற்றவர்களுக்கு ஆறுவதைப் போலவே ஆறின. விரல்கள் நிமிர்ந்தன. 1952இல் லண்டன் ராயல் அறுவை மருத்துவர் கல்லூரியில் ஹன்டேரியன் பேராசிரியர் என்ற கௌரவப் பொறுப்பில் தொழுநோய்க் கை மறுசீரமைப்பு பற்றி உரையாற்றும் அளவுக்கு வேலை வளர்ந்தது. பெரும்பாலோர் இந்த இடத்தில் நின்றுவிடுவார்கள். புகைப்படம் நன்றாக இருக்கிறது, நோயாளி கைகூப்புகிறார், இதழ்கள் கட்டுரை கேட்கின்றன.

ஆனால் மாதங்கள் போகப்போகச் சில கைகள் எதிர்த்திசையில் கெட்டன. நடு மூட்டு நேராவதோடு நில்லாமல் பின்னோக்கி வளைந்தது. நுனி மூட்டு கீழே மடங்கியது. அன்னக்கழுத்து என்று மருத்துவர்கள் சொல்லும் குறை. மடங்கிய விரலுக்குப் பதிலாக மடக்க முடியாத விரல். முன்பாவது வாளியைத் தூக்க முடிந்தது.

காரணத்தைக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். மேலடுக்கு நாண்தான் நடு மூட்டை முக்கியமாக மடக்குவது. அதை எடுத்து நீட்டும் பக்கம் சேர்த்தால், மடக்கும் பக்கத்தில் ஒரு பங்கு குறைகிறது, நீட்டும் பக்கத்தில் ஒரு பங்கு கூடுகிறது. தராசு இரட்டிப்பாகச் சாய்கிறது. இறுகிய மூட்டுகள் உள்ள கை இதைத் தாங்கிக்கொண்டது. நெகிழ்வான மூட்டுகள் உள்ள கை தாங்கவில்லை. நம் ஊர்க் கைகள் பல மிக நெகிழ்வானவை. பன்னல் தன் நாட்டில் கண்ட, காயத்தால் இறுகிப்போன கைகளுக்கும் இவற்றுக்கும் வேறுபாடு உண்டு. முதலில் நாண்களின் எண்ணிக்கையைக் குறைத்துப் பார்த்தார்கள்: நான்கு விரலுக்கும் நான்கு நாண் எடுக்காமல், ஒரே ஒரு மேலடுக்கு நாணை நான்காகப் பிளந்து பகிர்வது. நிலைமை மேம்பட்டது, சிக்கல் முற்றிலும் தீரவில்லை.

இரண்டாம் முறை: மணிக்கட்டிலிருந்து கடன்

விரலிடமிருந்து எடுத்து விரலுக்கே கொடுத்தால் மொத்த வலு கூடாது. வெளியிலிருந்து புதிய வலுவைக் கொண்டுவர வேண்டும். மணிக்கட்டை நிமிர்த்தும் தசைகள் மூன்று இருக்கின்றன. ஒன்றை எடுத்தாலும் மற்றவை சமாளிக்கும். இன்னொரு வசதியும் உண்டு. எதையாவது இறுகப் பிடித்துப் பாருங்கள்: மணிக்கட்டு தானாகவே சற்று நிமிரும். பிடிப்பதும் நிமிர்வதும் மூளையில் ஏற்கெனவே சேர்ந்தே நடக்கும் செயல்கள். அந்தத் தசையை விரலில் கட்டினால், புதிய வேலையை அது எளிதில் பழகிக்கொள்ளும்.

நீளம்தான் தடை. மணிக்கட்டில் முடியும் நாண் விரலுக்கு எட்டாது. இங்கே கை கொடுத்தது கால். கெண்டைக்காலில் பிளான்டாரிஸ் என்று ஒரு சிறு தசை. மனிதருக்கு அதனால் பெரிய பயன் இல்லை, சிலருக்கு அது பிறவியிலேயே இருக்காது. அதன் நாண் மிக மெல்லியது, நீளமானது. குதிகால் அருகே சிறு கீறலிட்டு, நாணை அறுத்து, நீண்ட குழாய்க் கருவி ஒன்றை அதன்மேல் கோர்த்து மேல்நோக்கிச் செலுத்தினால் முழு நாணும் வந்துவிடும். இரு விரல்களால் பக்கவாட்டில் இழுத்தால் சவ்வுபோல விரியும். எத்தனை வாலாக வேண்டுமானாலும் பிளக்கலாம். இல்லாதவர்களுக்குத் தொடையின் தசையுறையிலிருந்து பட்டை எடுத்துக்கொண்டார்கள்.

மணிக்கட்டு நிமிர்த்தித் தசைகளில் குறியதை எடுத்து, பிளான்டாரிஸால் நீட்டி, நான்கு வால்களாக்கி, புறங்கை வழியாக உள்ளங்கை எலும்புகளின் இடைவெளிகளுக்குள் நுழைத்து விரலுக்குக் கொண்டுசென்றார் பிராண்ட். அன்னக்கழுத்துக் குறை வெகுவாகக் குறைந்தது. மேலடுக்கு நாண்கள் தத்தம் இடத்தில் இருந்ததால் பிடியின் வலுவும் குறையவில்லை.

குறை வேறிடத்தில் முளைத்தது. புறங்கையிலிருந்து உள்ளங்கைப் பக்கம் திரும்பும் இடத்தில் வால்கள் ஒடிந்து வளைகின்றன; எலும்புகளுக்கு இடையேயுள்ள கெட்டியான உறைகளில் உரசி ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டிய நாண் ஓடாது. மேலும், மணிக்கட்டின் முதுகுப்புறமாகப் போகும் நாண், மணிக்கட்டு நிமிரும்போது தளர்ந்துவிடும். பிடி இறுகவேண்டிய அதே கணத்தில் கயிறு தொய்கிறது. தசையைத் தேர்ந்தது சரி; போன பாதைதான் பிழை.

மூன்றாம் முறை

1961 கட்டுரையின் அறுவை சிகிச்சை இதுதான். இம்முறை நெடிய நிமிர்த்தித் தசை. மணிக்கட்டருகே நாணை வெட்டி, முன்கையின் நடுவில் இன்னொரு கீறல் வழியாக வெளியே எடுக்கிறார்கள். முன்கையின் பெருவிரல் பக்க விளிம்பைச் சுற்றி, மேலிருக்கும் தசைக்கு அடியில் செலுத்தி, முன்கையின் உட்பக்கத்துக்குக் கொண்டுவருகிறார்கள். பிளான்டாரிஸ் நாணை இரண்டாக மடித்து இதன் முனையில் கோர்த்துத் தைக்கிறார்கள். இணைப்பில் வெட்டு முனை எதுவும் வெளியே துருத்தாதபடி ஒன்றுக்குள் ஒன்று புதைத்து மூடுகிறார்கள். வெளியே தெரியும் ஒவ்வொரு கரடான முனையும் நாளை ஓர் ஒட்டுதல். மடித்த இரு இழைகளையும் மேலும் பிளந்தால் நான்கு வால்.

அடுத்தது சுரங்க வேலை. மழுங்கிய முனையுள்ள நீண்ட இடுக்கி ஒன்று உள்ளங்கையிலிருந்து, மடக்கும் நாண்களும் மீடியன் நரம்பும் செல்லும் மணிக்கட்டுச் சுரங்கம் வழியாக முன்கைக்குள் நுழைகிறது. நுழைக்கும் கை எதையும் துளைக்கக் கூடாது. கொழுப்பின் ஊடே வழி தேடிப் போக வேண்டும். எதிர்ப்பு தெரிந்தால் பின்வாங்கி வேறு வழி பார்க்க வேண்டும். கொழுப்புக்குள் கிடக்கும் நாண் வழுக்கி ஓடும். உறையைத் துளைத்துப் போன நாண் அங்கேயே பற்றிக்கொள்ளும். இடுக்கி நான்கு வால்களையும் பற்றி உள்ளங்கைக்கு இழுத்துவருகிறது. அங்கிருந்து ஒவ்வொரு வாலும் இயற்கையான சிறு தசை போகும் வழியிலேயே விரலுக்குப் போகிறது. நடுவிரல், மோதிர விரல், சுண்டுவிரல் மூன்றிலும் பெருவிரல் பக்கமாகவும், ஆள்காட்டி விரலில் மட்டும் மறுபக்கமாகவும் தைப்பது வழக்கம். விரல்கள் அகலாமல் சேர்ந்து நிற்க இந்த ஏற்பாடு.

இழுவிசையை நிர்ணயிப்பதுதான் கடினமான கட்டம். நோயாளி மயக்கத்தில் இருக்கிறார், தசை உறங்குகிறது. விழித்த பின் எவ்வளவு இழுக்கும் என்பதை இப்போதே ஊகித்துத் தைக்க வேண்டும். அடிமூட்டுகளை மடக்கி, மற்ற மூட்டுகளை நேராக வைத்து, நான்கு வால்களிலும் தொய்வை ஒரே அளவுக்கு எடுத்துத் தைக்கிறார்கள். ஒன்று தளர்ந்தால் அந்த விரல் மட்டும் பழையபடி மடங்கும். ஒன்று இறுகினால் மற்ற மூன்றும் வேலை செய்யாது. பிறகு அதே நிலையில் மூன்று வாரம் மாவுக்கட்டு.

புதிய பாதையில் மணிக்கட்டு நிமிரும்போது நாண் இறுகுகிறது. பிடியும் இழுவையும் ஒரே திசையில் வந்துவிட்டன. விலையும் உண்டு: நெருக்கமான மணிக்கட்டுச் சுரங்கத்துக்குள் இன்னும் நான்கு இழைகளைத் திணிக்கிறோம். மீடியன் நரம்பு ஏற்கெனவே இறந்த கைக்கு இதனால் இழப்பில்லை. அல்னார் மட்டும் போய் மீடியன் நலமாக உள்ள கையில் அந்த நரம்பு நசுங்கக்கூடும். ஆகவே எல்லாக் கைக்கும் இதுவே மருந்து என்று சொல்வதற்கில்லை.

அறுவை அரங்குக்கு வெளியே

பிராண்டின் புகழில் பாதியையாவது பிசியோதெரபி அறைக்கு எழுதிவைக்க வேண்டும் என்பது என் கருத்து. சீனாவிலிருந்து வெளியேறி வேலூர் வந்த ரூத் தாமஸ் அங்கு கைகளுக்கான பயிற்சியை நிலைநாட்டினார். ஆண்டுக்கணக்கில் மடங்கி இறுகிய நடு மூட்டை முதலில் நிமிர்த்தினால்தான் நாணை மாற்றுவதில் பயன் இருக்கும். அதற்கு மெழுகுக் குளியல், எண்ணெய்த் தேய்ப்பு, பின்னர் ஒவ்வொரு விரலுக்கும் குழாய்போல ஒரு மாவுக்கட்டு. சில நாளுக்கொரு முறை கழற்றி, கிடைத்த சிறு நிமிர்வைத் தக்கவைத்து மறுபடி கட்டுவது. அறுவைக்குப் பிறகு அதைவிடக் கடினமான பாடம்: மணிக்கட்டை நிமிர்த்த நினைத்தால் விரல் அசைகிறது. உணர்ச்சியுள்ளவர் கண்ணை மூடிக்கொண்டும் பழகலாம். இவர்கள் தம் விரலைக் கண்ணால் பார்த்தே கற்க வேண்டும்.

அறுவை அணியில் மேரி வர்கீஸ் இருந்தார். 1954இல் நடந்த கார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த மருத்துவர். கை அறுவை சிகிச்சையை உட்கார்ந்தே செய்யலாம் என்பதால் சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோய்க் கைகளைச் சரிசெய்தார். பின்னாளில் வேலூரின் மறுவாழ்வு மருத்துவத் துறையை உருவாக்கியவரும் அவரே.

சரியான கையோடு வெளியே போனவர்கள் சிலர் திரும்பி வந்து குறைப்பட்டுக்கொண்டார்கள்: கை நிமிர்ந்ததால் பிச்சை விழவில்லை, தொழுநோய்த் தழும்பு இருப்பதால் வேலையும் கிடைக்கவில்லை. அறுவை சிகிச்சையின் வெற்றியை விரலின் கோணத்தில் அளந்துகொண்டிருந்தவர்களுக்கு இது சரியான அடி. 1951இல் கல்லூரி வளாகத்தில் நவஜீவ நிலையம் தொடங்கப்பட்டது. நோயாளிகள் அங்கு தங்கித் தச்சு கற்றார்கள், மர பொம்மைகள் செய்தார்கள். பிராண்டின் பழைய தச்சு வேலை இங்கே கைகொடுத்தது.

அந்த நிலையம் அவருக்கு இன்னொன்றையும் கற்பித்தது. துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க அவர் திணறியபோது, நோயாளியான சிறுவன் ஒருவன் வந்து சாவியைத் திருகித் திறந்துவிட்டான். தரையில் இரத்தத் துளிகள். சாவி அவன் விரலை எலும்புவரை வெட்டியிருந்தது. அவனுக்குத் தெரியவே இல்லை. இன்னும் சில நோயாளிகளின் விரல்களில் ஒரே இரவில் சதை காணாமல் போனது. காவலிருந்து பார்த்தபோது எலிகள். நிலையத்தில் பூனைகள் வளர்க்கப்பட்டன. வீடு திரும்புகிறவர்கள் ஒரு பூனையையும் எடுத்துச்செல்ல வேண்டும் என்று விதியே வந்தது. விரல்கள் நோயால் உதிர்கின்றன என்ற பழைய நம்பிக்கை இத்தகைய சான்றுகளால்தான் தகர்ந்தது. நிமிர்த்திய விரலை அழுத்தத்திலிருந்தும் சூட்டிலிருந்தும் காப்பாற்றாவிட்டால் அறுவை சிகிச்சை விழலுக்கு இறைத்த நீர். அதனால் உளி, சுத்தியல் பிடிகளைத் தடிமனாக்கினார்கள். தினமும் கைகளைச் சோதித்து, புண் கண்டால் எந்தக் கருவியால் வந்தது என்று துப்புத் துலக்கினார்கள்.

முறைகள் ஏன் திருந்தின என்ற கேள்விக்கு நான் காணும் விடை இங்கேதான் இருக்கிறது. அரங்கில் எல்லா முறையும் நன்றாகவே தெரியும். அன்னக்கழுத்து மாதங்கள் கழித்துத்தான் வருகிறது; ஒட்டுதல் வேலைக்குப் போன பிறகுதான் தெரிகிறது. வேலூர்க் குழு அதைப் பார்த்தது, ஏனெனில் நோயாளிகள் கண்ணெதிரே வாழ்ந்தார்கள். ஏன் வாழ்ந்தார்கள்? அவர்களுக்கு ஊரில் கதவு மூடியிருந்தது. பிற இடங்களின் அறுவை வல்லுநர்களுக்கு எளிதில் கிடைக்காத நெடுங்காலக் கண்காணிப்பு, ஒரு சமூகத்தின் புறக்கணிப்பால் கிடைத்தது. இதை நினைத்தால் சங்கடமாகத்தான் இருக்கிறது. பாடநூலில் இதற்கு இடமில்லை; நிகழ்வு ஆய்வில் இதை விட்டுவிட முடியாது.

பிறர் கையில்

நல்ல முறை அதை உருவாக்கியவரிடம் நின்றுவிடுவதில்லை. 1955இல் வேலூரருகே கரிகிரியில் ஷிஃபலின் தொழுநோய் ஆய்வு மையம் உருவானது. அங்கே எர்னஸ்ட் ஃபிரிட்ஷி, மணிக்கட்டின் உட்பக்கம் ஓடும் பால்மாரிஸ் லாங்கஸ் என்ற மெல்லிய தசையை நான்கு வால் முறைக்குப் பயன்படுத்தினார். பம்பாயில் பிளாஸ்டிக் அறுவை வல்லுநர் நோஷிர் அந்தியாவும் அதே தசையைக் கையாண்டு 1969இல் எழுதினார். வலுக் குறைந்த தசை. ஆனால் மிக நெகிழ்வான கைக்கு வலுக் குறைவே நன்மை, எதிர்த்திசையில் இழுத்துக் கெடுக்காது. முதல் முறையில் அடிபட்டுக் கற்ற பாடம் இங்கே தசைத் தேர்வாக மாறியிருக்கிறது. செங்கல்பட்டில் எச். சீனிவாசன் கையோடு நில்லாமல், நரம்பு செயலிழந்து தூக்க முடியாமல் போகும் தொங்கு பாதத்தையும் எடுத்துக்கொண்டு, கணுக்காலின் உட்புறத் தசையை இரு வால்களாக்கி முன்புறம் கொண்டுவரும் முறையை 1968இல் விளக்கினார். அர்ஜென்டினாவின் சான்கோலி, நாணை விரல் முதுகுவரை கொண்டுபோகாமல் விரலடியில் நாண்களைப் பிடித்துவைத்திருக்கும் வளையத்தைச் சுற்றி மடித்துத் தைத்தார். மேலடுக்கு நாண்தான் மறுபடியும். ஆனால் நீட்டும் பக்கத்தோடு தைக்காததால் அன்னக்கழுத்துக்கான வாய்ப்பு குறைந்தது. பன்னலின் தசை, வேறு முடிச்சு.

முகத்திலும் இதே காலத்தில் வேலை நடந்தது. இமை மூடாத கண்ணுக்கு, ஹெரால்ட் கில்லீஸ் காட்டிய வழியில், கன்னப்பொறியின் மெல்லும் தசையிலிருந்து ஒரு பட்டையை இமைக்குக் கொண்டுவந்தார்கள். மெல்லும்போது கண் மூடும். உதிர்ந்த புருவத்துக்குத் தலைமுடியோடு கூடிய தோலை அதன் இரத்தக் குழாயுடன் நகர்த்தி வைத்தார்கள். அது தலைமுடி அல்லவா, வளர்ந்துகொண்டே இருக்கும். கத்தரிக்கச் சொன்னால் சிலர் கேட்பதில்லையாம். இத்தனை காலம் இல்லாத புருவத்தை நீளமாக வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார்கள். அவர்கள் பக்கம்தான் நான்.

பிராண்ட் 1966இல் அமெரிக்காவின் லூசியானாவில் இருந்த கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். கையில் ஒவ்வொரு தசையும் எவ்வளவு இழுக்கும், எவ்வளவு தூரம் ஓடும் என்று அளந்து வகைப்படுத்தும் வேலையை அங்கே விரிவாக்கினார். அரங்கில் ஊகமாக இருந்த இழுவிசைக்கு எண்கள் கிடைத்தன. உணர்ச்சியற்ற பாதத்தின் புண்ணை மாவுக்கட்டு போட்டு நடக்கவிட்டே ஆற்றும் முறையையும் அவர் அங்கு கொண்டுசென்றார். கொழும்பின் மில்ராய் பால் உள்ளிட்டோர் நம் பக்கத்தில் ஏற்கெனவே பயன்படுத்திவந்த முறை அது. அமெரிக்காவில் அது நீரிழிவு நோயாளிகளின் பாதங்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

1980களில் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்த பிறகு மடங்கிய விரல்களோடு வருபவர்கள் வெகுவாகக் குறைந்தார்கள். ஆனால் உலகில் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளிகளில் பாதிக்கு மேல் இன்னும் இந்தியாவில்தான் இருக்கிறார்கள். தாமதமாக வருகிறவர்களுக்கு நரம்பு ஏற்கெனவே போயிருக்கும். அவர்களுக்கு இன்று வல்லுநர் முதலில் செய்வது பழைய சோதனைதான்: அடிமூட்டைத் தன் விரலால் முன்னோக்கித் தாங்கிப் பிடித்து, விரலை நீட்டச் சொல்வார். மற்ற மூட்டுகள் நீண்டால், அடிமூட்டைக் கட்டுப்படுத்தினாலே போதும், சான்கோலியின் வளையம் ஒத்துவரும். நீளாவிட்டால் நாணை விரல் முதுகுவரை கொண்டுபோக வேண்டும். மூட்டு மிக நெகிழ்வானதா, மீடியன் நரம்பு பிழைத்திருக்கிறதா, பால்மாரிஸ் இருக்கிறதா என்று அடுத்தடுத்துப் பார்த்து எந்தத் தசை, எந்தப் பாதை என்று முடிவெடுப்பார். மணிக்கட்டின் நெடிய தசையும் பிளான்டாரிஸும் அந்தத் தேர்வில் இன்னும் இருக்கின்றன; பிடியில் வலு தேவைப்படும் உழைப்பாளியின் கைக்கு அவற்றை விரும்புகிறவர்கள் உண்டு.